எட்டாம் நாள், ஒன்பது புள்ளி

அன்று பின்னேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

நாகேஸ்வரி, செத்தவனின் தாய்.
தனுஷிகா, அவனுடைய மனைவி.
ஆழ்வாப்பிள்ளை, பெரியப்பா. தகப்பன் இல்லாத அந்த வீட்டில் நல்லது கெட்டதுகளை முன்னின்று நடத்துபவர்.
மக்டலீன், பக்கத்து வீட்டுக்காரி. சாவுத் துடக்கு வீட்டில் சமைத்துக் கொடுக்க வந்தவள்.
றமேஸ், நெல்லியடியில் போன் திருத்துபவன். அதே கடையில் செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகமும் அடித்துக் கொடுப்பான்.
கஜானன், செத்தவனின் தம்பி. கடைசியாக அவனோடு படகில் இருந்தவன்.

ஆறு பேர். மேசையில் செத்துப்போன கஜீவனின் போன்.

றமேஸ் அதைக் கையில் எடுத்தபோது அடியில் தண்ணீர் இருந்தது. அதிகமில்லை. பிளாஸ்ரிக் மேசை விரிப்பில், போனின் அளவுக்கே, நாலு மூலையும் சரியாக, ஒரு ஈர நீள்சதுரம். றமேஸ் அதைக் கவனிக்கவில்லை. கஜானன் கவனித்தான். கட்டியிருந்த சாறத்தின் முனையால் துடைத்தான். கை தானாகத்தான் போனது. எட்டு நாளாக அவன் கைகள் அப்படித்தான் இருந்தன. சோறு பிசைந்தன, கதிரை தூக்கின, வந்தவர்களின் கையைப் பிடித்தன, எதுவும் அவனுடையதாகத் தெரியவில்லை.

"ரெண்டு நாள் சூட்டிலை வைச்சுக் காயவைச்சனான்," என்றான் றமேஸ். "உள்ளுக்கை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. போன் நல்லா வேலை செய்யுது. பூட்டுத்தான் பிரச்சினை."

"நீ போன் திருத்திறவனோ, இல்லாட்டிக் காயவைக்கிறவனோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "கருவாடு காயவைக்க எங்களுக்கும் தெரியும்."

"ஐயா, உது பழைய போன் மாதிரி இல்லை. முழுக்க அழிச்சாலும் தான் ஆரின்ரை போன் எண்டதை மறக்காது. இஞ்சை பாருங்கோ."

திரையில் ஒன்பது வெள்ளைப் புள்ளிகள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. மேலே சிறிய எழுத்தில், இந்தப் போன் அழிக்கப்பட்டிருக்கிறது, தொடர வேண்டுமானால் முன்பிருந்த கோடுகளை வரைந்து காட்டு என்று இருந்தது.

"கஜீவன் அண்ணை இந்தப் புள்ளியளைத் தொடுத்து ஒரு கீறல் போட்டு வைச்சிருப்பார். அந்தக் கீறலைத்தான் கேக்குது. கள்ளன் எடுத்தாலும் பாவிக்கேலாமல் இருக்கச் செய்த வேலை."

"கள்ளன் எடுத்தால் சரி," என்றாள் நாகேஸ்வரி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "பெத்தவள் எடுத்தால்?"

றமேஸ் திரையைத் தன் பக்கம் திருப்பினான். கணக்கின் கடவுச்சொல் தெரிந்தாலும் திறக்கலாம் என்றான். அது யாருக்கும் தெரியாது. மறந்துபோனதாகச் சொல்லிப் புதிதாகக் கேட்டால், கணக்குத் தொடங்கிய காலத்து நம்பருக்கு இலக்கம் அனுப்புவார்கள். அந்த நம்பரைக் கஜீவன் கைவிட்டு ஐந்து வருசம்.

நாகேஸ்வரிக்கு வேண்டியது ஒரு படம். முப்பத்தோராம் நாள் வீடு வீடாகக் கொடுக்கிற கல்வெட்டில், பாட்டுகளுக்கு முன்னால், முதல் பக்கத்தில் போடுகிற படம். கல்யாண அல்பத்தில் இருப்பது ஆறு வருசத்துக்கு முந்திய கஜீவன். மெலிந்தவன், மீசையில்லாதவன், ஸ்ரூடியோக்காரன் பூசிவிட்ட வெள்ளை முகம். அவளுக்கு அந்த முகம் வேண்டாம். கடைசி முகம் வேண்டும். மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கியவனைப் பெட்டியில் வைத்து ஆணியடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் பலகையைத்தான் கட்டிப்பிடித்து அழுதாள்.

ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டியவன் கஜானன். இடுப்புக் கயிற்றைப் பார்த்துச் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வலது கையைத் துணி மூடியிருக்கவில்லை. விரல்களில் சதை இல்லை. மீன்கள் அங்கிருந்துதான் தொடங்குமாம். அந்தப் பிரேத அறை ஆள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான். கஜானன் அதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"சரி, கீறல் பிடிபட்டுது எண்டு வை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "எல்லாம் அழிஞ்ச போனிலை படம் எங்கை இருந்து வரும்?"

"போனிலைதான் ஐயா அழிஞ்சது. மேலை, இன்ரநெற்றிலை, அழியேல்லை. எடுக்கிற படம், வீடியோ எல்லாம் இணைப்புக் கிடைச்ச உடனை தானா மேலை போயிடும். பூட்டுத் திறந்தால் கணக்கு வரும். கணக்கு வந்தால் எல்லாம் ஒண்டொண்டாத் திரும்பி இறங்கும்."

கஜானன் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்த இடம் மறுபடி ஈரமாக இருந்தது.

"உப்புத்தண்ணி பட்டு அழிஞ்சிருக்கும் எண்டு நீதானே சொன்னனி," என்றார் ஆழ்வாப்பிள்ளை அவனைப் பார்த்து.

"ஓம் பெரியப்பா."

"உப்புத்தண்ணி பட்டால் போன் சாகும்," என்றான் றமேஸ். போனின் ஓரத்தை விரலால் தடவினான். "தானா அழியாது. ரெண்டு பட்டினையும் சேத்து அமத்தி, பிறகு உள்ளுக்கை போய், ஓம் எண்டு சொல்லித்தான் அழிக்கோணும். பொலித்தீன் பையுக்கை இருந்த போன். தண்ணியே படேல்லைப்போல கிடக்கு."

அவன் அதை வேலை தெரிந்தவனின் ஆச்சரியத்தோடுதான் சொன்னான். யாரையும் குறி வைக்கவில்லை. நாகேஸ்வரி தலையை நிமிர்த்தினாள். றமேசைப் பார்க்கவில்லை. இளைய மகனைப் பார்த்தாள். பிறகு எழுந்து குசினிக்குள் போனாள்.

தனுஷிகா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கீறிப் பார்த்தாள். தன் பெயரின் முதலெழுத்து. அவன் பெயரின் முதலெழுத்து. வள்ளத்தின் வடிவம். ஒவ்வொரு முறையும் கோடு சிவந்து அழிந்தது. ஐந்து தரம் பிழைத்ததும் போன் அவளைக் காத்திருக்கச் சொன்னது.

"எனக்கு முன்னாலை கீறவே மாட்டார்," என்றாள். "மேசைக்குக் கீழை வைச்சுக் கீறிப்போட்டுத்தான் எடுப்பார். கேட்டால், பாத்தியெண்டால் பிறகு நித்திரை கொள்ளமாட்டாய் எண்டு பகிடி விடுவார்." சிரிக்கப் பார்த்தாள். முகம் பாதியில் நின்றுவிட்டது.

கஜானனுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பூட்டுத் திறக்கக் கூடாது.

நடந்தது இவ்வளவுதான். இருட்டத் தொடங்குகிற நேரம், மழை இருட்டு, எஞ்சினின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. கஜீவன் பொலித்தீன் பையில் சுற்றிய போனைப் படகின் முன்பக்க அணியத்தில் செருகி வீடியோவை ஓடவிட்டான். அறுத்தெடுக்கிறதை எடுத்துப் போடுவோம், ஆட்கள் பார்ப்பார்கள் என்று சொல்லி, கத்தியோடு தண்ணீரில் இறங்கினான். அறுத்தும் முடித்தான். அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு பெரிய இழுவைப் படகு, விளக்கில்லாமல், நேரே இவர்கள் மேல் வந்தது. கஜானன் எஞ்சின் கயிற்றை இழுத்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில், படகின் விளிம்பில், அண்ணனின் விரல்கள். "ஏறுமட்டும் பொறடா," என்றான் கஜீவன். ஏறுகிற அளவுக்கு நேரமில்லை. அவன் தொங்கிக்கொண்டிருக்க விசிறியை ஓட்டவும் முடியாது. கஜானன் குனிந்து அந்த விரல்களைக் கழற்றினான். ஒவ்வொன்றாக. ஈரமாக, உறுதியாக, சூடாக இருந்தன. "விடண்ணை, கையை விடு, வந்து எடுக்கிறன்," என்றான்.

வந்தான். ஒரு மணித்தியாலம் சுற்றினான். கூப்பிட்டான். கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

அணியத்தில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொட்டை அமத்தினான். திரை அணைந்து, மறுபடி தொட்டபோது ஒன்பது புள்ளி கேட்டது. கரை தெரிகிற தூரத்துக்கு வந்ததும் திரையின் மேல் மூலையில் ஒரு சிறிய அம்புக்குறி மேல்நோக்கி நகர்ந்து நகர்ந்து நின்றது. அது என்னவென்று அவனுக்கு அப்போது தெரியவில்லை. விடியப்புறம் கரை வாடிக் கொட்டிலுக்குள், வலைக்குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்து, இரண்டு பட்டினையும் சேர்த்து அமத்தி எல்லாவற்றையும் அழித்தான். அலை அடித்துக்கொண்டு போனது என்று ஊருக்குச் சொன்னான். அழுகை வருமென்று பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

குசினியிலிருந்து சுறா வறையின் மணம் வந்தது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் சூட்டில் பிரளுகிற மணம், அதன் அடியில் கணவாய்க் கறியின் காரம், அதற்கும் அடியில், வேறு யாருக்கும் வராமல் அவனுக்கு மட்டும் வந்ததுபோல், கரையில் கிடந்து நாலு நாளான வலையின் வாடை. எட்டுச் செலவுக்குச் செத்தவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எட்டு எண்ணுவது என்று முதலில் ஒரு கதை வந்தது. உடம்பு கிடைத்த நாளிலிருந்து என்றார்கள் சிலர். கடல் எடுத்த நாளிலிருந்து என்று ஆழ்வாப்பிள்ளை முடித்துவிட்டார்.

"நாகேசக்கா, உறைப்புக் காணுமோ பாருங்கோ," என்றாள் மக்டலீன் உள்ளே.

"இன்னும் போடு. அவன் மூக்காலை ஓடினால்தான் கறி எண்டுவான்."

"எங்கடை ஆக்கள் செத்தால் ஒரு பூசையோடை சரி. உங்கடை ஆக்கள் செத்தும் சாப்பிட வருவினம்."

"வாறவனுக்குச் சமைக்கிறது கஷ்டமே, மக்டலீன்?"

அதற்குப் பிறகு அகப்பை சட்டியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தரைக்கு வெளிச்சம் மங்கியது. வாடைக்காற்று பனைகளுக்குள் புகுந்து காய்ந்த ஓலைகளை ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தது. கஜீவனின் அறையை மக்டலீன் கூட்டிவிட்டாள். அறையில் ஒரே யன்னல். அதற்குக் கம்பி, கம்பிக்கு உள்ளே பலகைக் கதவு, அதை ஆழ்வாப்பிள்ளை தன் கையாலேயே கொழுவினார். வாசல் கதவின் உட்பூட்டுப் பழுதாகி வருசக்கணக்கு. வெளியே கொண்டியும் ஒரு ஆமைப்பூட்டும்தான். படையல் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு வெற்றிலை மென்று முடிகிற நேரம். கதைக்கக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது. பிறகு பெரியவர் மூன்று தரம் தட்டித் திறப்பார்.

நாகேஸ்வரி தலைவாழையிலையை நிலத்தில் விரித்தாள். சோறு, சுறா வறை, கணவாய், பொரித்த விளைமீன், அவித்த முட்டை, ஓரமாக ஒரு சின்னக் கிளாசில் சாராயம். செம்பில் தண்ணீர். இலைக்கு முன்னால் அவன் இருக்க ஒரு பலகை. எல்லாவற்றையும் வைத்துவிட்டு வெளியே வந்து, தனுஷிகாவின் மடியிலிருந்த போனை எடுத்தாள்.

"அதேன் அம்மா?" கஜானனின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"போன் இல்லாமல் அவன் ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறானே?"

அது உண்மைதான். கடலிலிருந்து வந்தால் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே இருந்துதான் சாப்பிடுவார்கள். நடுவில் செம்பு, செம்பில் சாய்த்துப் போன். கஜீவன் இடது கையால் தள்ளித் தள்ளி வீடியோ பார்ப்பான். நல்லது வந்தால் போனைத் தம்பி பக்கம் திருப்பிக் காட்டுவான்.

"பூட்டின போன். அதை வைச்சு என்ன செய்யிறது?" என்றான் கஜானன்.

"உனக்கு என்ன, மோனை? கிடக்கட்டும்."

"விடடா," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "அவனுக்குத் தெரியாத பூட்டே?"

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். சொன்ன பிறகு மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நாகேஸ்வரி போனைச் செம்பில் சாய்த்தாள். ஒன்பது புள்ளிகள் வெறும் பலகையைப் பார்த்து ஒளிர்ந்தன. ஆழ்வாப்பிள்ளை கதவைச் சாத்தினார். கொண்டி. பூட்டு. திறப்பை இடுப்பில் செருகினார்.

ஆறு பேரும் விறாந்தைக்கு வந்தார்கள்.

கடல் கேட்டது. ஓலைகள் கேட்டன. ஆழ்வாப்பிள்ளையின் வாயில் பாக்கு உடைகிற சத்தம். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்த பிறகு கடலும் ஓலையும் மறுபடி மேலே வந்தன, அவற்றுக்கு நடுவே, மெல்லிய நூல்போல, வேறொரு சத்தம். கஜானன் முதலில் அதை ஓலை என்றே நினைத்தான். ஓலை நிற்காமல் உரசும். இது நின்றது. யோசித்தது. மறுபடி தொடங்கியது. கண்ணாடியில் ஆணியை அழுத்தி மெதுவாக இழுப்பதுபோல. ஒரு நீட்டு. ஒரு திருப்பம். ஒரு நீட்டு.

அவன் மற்றவர்களைப் பார்த்தான். றமேசின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மக்டலீன் சிலுவை போட்டாள். தனுஷிகா தன் வாயைத் தானே பொத்தியிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். எல்லாருக்கும் கேட்டது. கதைக்கக் கூடாது என்பதால் ஒருவரும் கதைக்கவில்லை.

நாகேஸ்வரி மட்டும் நிலத்தைப் பார்த்தபடி, மகன் சாப்பிட்டு முடிப்பதற்குக் காத்திருக்கிற தாயைப் போலவே இருந்தாள்.

சத்தம் நின்றது.

பிறகு ஒரு சின்ன மணி. போன் வரவேற்கிற மணி.

ஆழ்வாப்பிள்ளை எழுந்து போய் மூன்று தரம் தட்டினார். திறந்து, பூட்டையும் திறப்பையும் கொண்டியிலேயே தொங்கவிட்டார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் சோறு குவித்தபடியே இருந்தது. சுறா வறையில் மட்டும் ஓரத்தில் ஒரு பள்ளம். பலகையின் மேல் தண்ணீர். செம்பு சரியவில்லை, நிறைந்தபடியே நின்றது. பலகையில் தண்ணீர், ஒருவர் சப்பாணி கட்டி இருந்து எழும்பிய அளவுக்கு.

போன் திறந்திருந்தது.

றமேஸ்தான் அதை எடுத்தான். வேலைக்காரனின் கை, பழக்கத்தில் எடுத்துவிட்டது. "பூட்டுத் திறந்திட்டுது," என்றான். பிறகு விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியில் ஒரு கீறல். மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலே. புள்ளிக்குப் புள்ளி. கீறலுக்குள் தேங்காய்ப்பூத் துகள் ஒட்டியிருந்தது.

"காலமை உது இருக்கேல்லை," என்றான். "விரலாலை கீறினால் கண்ணாடி வெட்டாது. உது என்னத்தாலை..."

கஜானனுக்குத் தெரியும் எதனால் என்று. அங்கே நின்றவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வெள்ளைத் துணி. மூடாத கை. தெரிந்தும் உடம்பு ஒன்றும் செய்யவில்லை. ஓடவில்லை. நடுங்கவில்லை. 

கூடத்தில் ரௌட்டரின் பச்சை விளக்கு படபடத்தது. போனில் சாம்பல் நிறச் சதுரங்கள் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொன்றாக நிறம் பிடித்தன. மாதா கோயிலடியில் கஜீவன். எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கஜீவன். இரண்டு கையிலும் கணவாயைத் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தபடி, கஜீவன். தனுஷிகா அந்தப் படத்தைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டாள். எட்டு நாளாக அழுததைவிட வேறு மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. மக்டலீன் அவளைத் தூக்கி நிறுத்தி, இங்கே வேண்டாம் பிள்ளை, அன்ரி வீட்டில் கொஞ்சம் படு என்று அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, கல்வெட்டுக்கு உந்தப் படம் போதும். எனக்கு அனுப்பிவிட்டன்," என்றான் றமேஸ். அவனுக்குப் போக அவசரமாக இருந்தது. மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு சதுரம் மட்டும் இன்னும் சாம்பலாகவே இருந்தது. "இது கடைசியா எடுத்த வீடியோ. நீளம். இறங்கக் கொஞ்சம் நேரமெடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம்."

நாகேஸ்வரி கையை நீட்டினாள். றமேஸ் போனை அவளிடம் கொடுத்தான்.

"அம்மா, இஞ்சை தாங்கோ, நான்..." என்றான் கஜானன்.

அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது நனைந்தது. "நான் வைச்சிருக்கிறன்," என்றாள்.

படையலில் ஒரு பங்கைப் பனையோலைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஆண்கள் போகிற காரியம். ஆழ்வாப்பிள்ளை பெட்டியை எடுத்தார். றமேஸ் ரோச் லைற்றோடு முன்னுக்கு நடந்தான். கஜானனும் செருப்பைத் தேடினான்.

"நீ நில்," என்றாள் நாகேஸ்வரி. "எட்டு நாளா நீ ஒழுங்காச் சாப்பிடேல்லை."

"வந்து சாப்பிடுறன் அம்மா."

"நில்லு மோனை."

ஆழ்வாப்பிள்ளை அவனைப் பார்த்துத் தலையசைத்தார், தாயோடு ஒருவர் நிற்கத்தான் வேண்டும் என்பதுபோல. வேலிப் படலை சத்தம் போட்டுச் சாத்திக்கொண்டது. ரோச் வெளிச்சம் வேலியோடு நகர்ந்து போனது. அவர்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது.

நாகேஸ்வரி குசினிக்குள் போனாள். அவன் கூடத்தில் கதிரையில் இருந்தான். எழுந்து போய் அந்தப் போனைப் பறிக்கலாம். கிணற்றில் போடலாம். எல்லாம் மனதுக்குள் ஒழுங்காக, யாரோ வாசிப்பதுபோல ஓடியது. உடம்பு கதிரையில் இருந்தது. பச்சை விளக்கு படபடத்தது. படபடத்தது. நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் மழை பெய்தது. சின்ன மழை. போனுக்குள் இருக்கிற மழை. அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்தான். தண்ணீரில் இறங்குகிற சத்தம். நீண்ட நேரம் கத்தி அறுத்தது.

பிறகு அவனுடைய சொந்தக் குரல். சின்னதாக. தகரத்துக்குள் இருப்பதுபோல.

"விடண்ணை. கையை விடு. வந்து எடுக்கிறன்."

எஞ்சின்.

எஞ்சின் சத்தத்துக்குள், தூரத்தில், ஒரு கூப்பிடு. இன்னும் தூரத்தில், இன்னொன்று.

குசினியில் அகப்பை எடுக்கிற சத்தம் கேட்டது. சட்டி மூடியைத் திறக்கிற சத்தம். அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கையில் வாழையிலை. மறு கையில் சோற்றுப் பாத்திரம். போன் இடுப்பில். அவள் சேலை இடுப்பிலிருந்து கீழ்க்கரைவரைக்கும் நனைந்திருந்தது.

"வா," என்றாள்.

"அம்மா."

"உன்ரை அண்ணைக்குத் தனியச் சாப்பிட்டுப் பழக்கமில்லை."

அவன் எழுந்தான். ஏன் எழுந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் அவள் வா என்றால் வருவான். அப்படித்தான் நடந்தான்.

அறைக்குள் விளக்கு பாதியாகக் குறைந்திருந்தது. அவள் இரண்டாவது இலையை முதலாவதுக்கு எதிரே விரித்தாள். சோறு போட்டாள். சுறா வறை வைத்தாள். கணவாய் ஊற்றினாள். அவனுக்குப் பிடிக்காது என்று முட்டையை விட்டாள். போனை எடுத்துச் செம்பில் சாய்த்தாள், திரை அந்தப் பக்கம் பார்க்க. அவன் தோளில் கை வைத்து அமத்தினாள். அவன் சப்பாணி கட்டி இருந்தான்.

அவள் வெளியே போனாள்.

எதிரே பலகை. பலகையில் தண்ணீர். முன்பு பலகையளவு. இப்போது விளிம்பால் வழிந்து, சீமெந்தில் நீண்டு, அவன் இலையின் நுனியைத் தொட்டது. குளிர்ந்த உப்பு வாடை. எதிர் இலையில் சோற்றுக் குவியல் ஒரு பக்கம் சரிந்தது. மெதுவாக. பிசைவதுபோல.

செம்பில் சாய்ந்திருந்த போன் அசைந்தது. கண்ணாடியில் அந்தச் சத்தம். ஒரு நீட்டு. ஒரு தள்ளல்.

நல்லது வந்துவிட்டது.

போன் மெல்ல, மெல்ல, அவன் பக்கம் திரும்பியது. அதன் விளிம்பைப் பிடித்திருந்தவை வெள்ளையாக இருந்தன.

"வந்து எடுக்கிறன் எண்டு சொன்னனியெல்லே, மோனை," என்றது வாசலில் தாயின் குரல். கோபமில்லாமல். "எடு."

கதவு சாத்தப்பட்டது. கொண்டி விழுந்தது. ஆமைப்பூட்டில் திறப்பு ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே எடுக்கப்பட்டது.